அந்த ரெஜிஸ்டரை ஒரு தடவை திறந்து காட்டுங்க மதர்

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கும், கரஸ்பாண்டன்ட் சிஸ்டருக்கும், ஜூபிலி கமிட்டில இருக்க எல்லாருக்கும்,

வணக்கம். போன வாரம் பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குரூப்ல ஜூபிலி அழைப்பிதழ் வந்துச்சு, கூடவே புது பிளாக்கோட படமும். படத்துல எல்லாம் அழகா இருக்கு, மாதா சொரூபம் இருக்க கெபிக்குப் புது லைட்டு கூட போட்டிருக்கீங்க, ஆனா கிணத்தடிக்குப் பின்னால இருக்க நீளமான ஓட்டுக் கட்டடத்தை மட்டும் காணோம். கேட்டதுக்கு "அது சும்மா குடோன்தானே, ஜூபிலிக்கு முன்னாடி இடிச்சிருவோம்"னு கமிட்டில ஒருத்தங்க பதில் போட்டாங்க. அது குடோன் இல்லைன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும் மதர். ஊர்ல பெரியவங்க இன்னைக்கும் அதை அனாதை மடம்னுதான் சொல்றாங்க.

நான் முன் கேட் வழியா வந்து படிச்சவ. எங்க அம்மாச்சி பின் கேட் வழியா வந்தவங்க. ஒரே காம்பவுண்டுதான், ஆனா முன்னால பீஸ் கட்டுற போர்டிங் பிள்ளைங்க, பியானோ, மெட்ராஸ் டெரஸ் போட்ட உசரமான ஹால். பின்னால ஓட்டுக் கட்டடம், வரிசையா துவைக்கிற கல்லு. அம்மாச்சிக்கு அங்க நம்பர் 47. பாவாடை, துண்டு, தலையணை உறை எல்லாத்துலயும் ஓரத்துல சிவப்பு நூல்ல 47னு தச்சிருக்கும். அந்தத் துண்டு ஒண்ணு இன்னும் எங்க வீட்டு பீரோல இருக்கு, துணி நைஞ்சு போச்சு, நூல் மட்டும் அப்படியே கெட்டியா நிக்குது. கடைசி காலத்துல பேரப்பிள்ளைங்க பேரே மறந்து போச்சு அவங்களுக்கு, நம்பர் மறக்கல. ஆனா பெத்த அம்மா பேரு என்னன்னு அவங்களுக்கு ஒருநாளும் தெரியாது. ஞானஸ்நானம் குடுக்கும்போது மாத்தின பேருதான் தெரியும், அதுக்கு முன்னாடி என்ன பேரு, எந்த ஊரு, யாரு கொண்டுவந்து விட்டாங்கன்னு எல்லாம் மடத்தோட அந்தப் பெரிய ரெஜிஸ்டர்லதான் இருக்கு.

அதைத்தான் கேட்டோம். வேற ஒண்ணும் கேக்கல.

முதல் தடவை அம்மாச்சி உயிரோட இருக்கும்போதே ஆட்டோ வச்சு கூட்டிட்டு வந்தோம். மடத்துக்கு வர்றவங்க காத்திருக்கிற பார்லர் பெஞ்ச்ல ரெண்டரை மணி நேரம். உள்ள வந்ததும் அவங்க செருப்பைக் கழட்டி வெளிய வச்சிட்டாங்க, வேண்டாம் போட்டுக்கோங்கன்னு சொன்னா கேக்கல. இந்தப் பக்கம் வர்றதா இருந்தா செருப்பு போடக் கூடாதுன்னு சின்ன வயசுல பழக்கினதாம். அப்படியே வெறுங்காலோட, கைய மடில வச்சுக்கிட்டு, யாராவது சிஸ்டர் கடந்து போனா எந்திரிச்சு நின்னு "சர்வேஸ்வரனுக்கு தோத்திரம்"னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கடைசில மதர் தியானத்துக்குப் போயிருக்காங்க, அப்புறம் வாங்கன்னு சொன்னீங்க. அப்புறம் அவங்களால வர முடியல.

அவங்க போனதுக்கப்புறம் நான் மூணு தடவை வந்தேன். ஒரு தடவை ரெஜிஸ்டர் தலைமை மடத்துக்குப் போயிருச்சுன்னீங்க. அடுத்த தடவை கரையான் அரிச்சிருச்சுன்னீங்க. கரையான் தின்னது போக மிச்சம்தான் தலைமை மடத்துக்குப் போச்சா, இல்ல அங்க போயி கரையான் தின்னுச்சான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். மூணாவது தடவை எழுதிக் குடுங்கன்னீங்க, குடுத்தேன், பதில் இல்ல. இப்ப உங்க ஜூபிலி வீடியோல, ரெண்டாவது நிமிஷத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள அதே ரெஜிஸ்டர்! வெள்ளைக்கார மதர் கையெழுத்து போட்ட பக்கம் திறந்து இருக்கு, பக்கத்துல மல்லிப்பூ. கரையான் ரொம்ப மரியாதையான கரையான் போல, கையெழுத்தை மட்டும் விட்டுட்டு சாப்பிட்டிருக்கு.

மன்னிக்கணும், கோவத்துல எழுதிட்டேன். ஆனா அந்தப் பக்கத்தைத் திருப்பினா அடுத்த பக்கத்துல என்ன இருக்குன்னுதான் கேக்குறேன்.

நன்றி இல்லாம பேசல. தாது வருஷப் பஞ்சத்துல, 1876லேர்ந்து 78 வரைக்கும், தெருவுல கிடந்த பிள்ளைங்களை மடங்கள் எடுத்து வளர்த்துச்சு, இல்லன்னா எத்தனையோ குடும்பமே இருந்திருக்காது. ஆனா வளர்த்த கதை மட்டும்தான் சாவனீர்ல வருது, அந்தப் பிள்ளைங்க துவைச்சதும் லேஸ் பின்னினதும் வராது. கன்னியர்லயே அப்ப ரெண்டு வகை இருந்துச்சுல்ல, சீதனத்தோட வந்த கொயர் சிஸ்டர், அடுப்படிக்கும் துணிக்கும் லே சிஸ்டர். 1965ல, ரோம்ல ஆயர்கள் எல்லாம் கூடின ரெண்டாம் வத்திக்கான் சங்கம்தான் எல்லாரையும் ஒரே வகையா ஆக்கச் சொல்லுச்சு. கல்வெட்டுல ஒரு லே சிஸ்டர் பேராவது இருக்கா? எல்லாம் அயர்லாந்து, பிரான்ஸ் பேரு. இடிக்கணும்னா வடக்கன்குளம் கோயில்ல சாதி பிரிச்ச சுவரை 1910ல இடிச்ச மாதிரி இடிங்க, வேணாம்னு யாரு சொன்னா.

வெளியில என்ன நடந்துச்சுன்னும் உங்களுக்குத் தெரியும். வாஷிங்டன்ல ஜார்ஜ்டவுன் விசிட்டேஷன்னு 1799ல ஆரம்பிச்ச கான்வென்ட் ஸ்கூல். அங்க இருந்த கன்னியர் அடிமைகளுக்கே எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாங்கன்னு தலைமுறை தலைமுறையா பெருமையா சொல்லிக்கிட்டிருந்தாங்க. அவங்க ஆவணக் காப்பாளரே பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்தா அந்தக் கதைக்கு ஆதாரம் ஒண்ணும் இல்ல, மாறா குறைஞ்சது 107 பேரை மடமே அடிமையா வச்சிருந்ததும், கடனுக்கும் கட்டடத்துக்கும் பல பேரை வித்ததும்தான் வந்துச்சு. அதை 2018ல அவங்களே அறிக்கையா போட்டாங்க. ஸ்கூல் இன்னும் நல்லாத்தான் நடக்குது. இன்னொரு பக்கம் அயர்லாந்துல, டப்ளின்ல, 1993ல ஒரு மடம் நிலத்தை வித்துச்சு, அந்த மடம் நடத்தின சலவைக்கூடத்துல வேலை பார்த்த பொண்ணுங்க 133 பேரோட கல்லறையைத் தோண்டி மாத்த அனுமதி வாங்கினாங்க, தோண்டினா 155 பேர். நம்ம இடத்துல அப்படின்னு நான் சொல்லல. ஆனா மதில் ஓரம் சிலுவை இல்லாத மேடு நாலஞ்சு இருக்கு, கல்லறைத் திருநாளுக்கு அம்மாச்சி அங்கதான் முதல் மெழுகுவர்த்தி வைப்பாங்க. புல்டோசர் வர்றதுக்கு முன்னாடி அங்க யாருன்னு எழுதி வைக்க வேணாமா?

சட்டம் பேச எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் நம்ம திருச்சபைச் சட்டமே, 487வது பிரிவு, ஒருத்தரோட சொந்த நிலை பத்தின பொது ஆவணத்துக்கு நகல் வாங்க அவங்களுக்கு உரிமை உண்டுன்னு சொல்லுது. அம்மாச்சி அந்த உரிமையோடதான் வெறுங்காலோட உக்காந்திருந்தாங்க.

அதனால பணிவா கேக்குறேன். ரெஜிஸ்டரைக் காட்டுங்க. எனக்கு மட்டும் இல்ல, பின் கேட் வழியா வந்த எல்லாரோட பிள்ளைங்களுக்கும். வேற குடும்பத்து விவரம் தெரியக் கூடாதுன்னா அந்த வரிய மறைச்சுட்டு எங்க வரிய மட்டும் காட்டுங்க, நீங்களே ஒரு சிஸ்டரைப் பக்கத்துல நிக்க வைங்க, போட்டோ கூட எடுக்கல. அது முடியற வரைக்கும் அந்த ஓட்டுக் கட்டடத்துல கை வைக்க வேணாம். அப்புறம் இடிக்கணுமா வேணாமான்னு உக்காந்து பேசுவோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் பார்லர் பெஞ்ச்ல இருப்பேன். 47 போட்ட துண்டைக் கொண்டு வரேன், வேற அடையாளம் எங்ககிட்ட இல்ல. செருப்பு போட்டுக்கிட்டுதான் வருவேன்.

இப்படிக்கு,
உங்க பழைய மாணவி,
47ம் நம்பரோட பேத்தி