22 தகரப் பலகைகளுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் கிளை நூலகத்தின் பின்பக்கத் தோட்டத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பலகையையும் நட்டு முடித்தாயிற்று. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு தகரப் பலகை, அதில் பெயர், சொந்த ஊர், குணம் பற்றி ஒரு வரி. வேலை இவ்வளவுதான். மூன்று மாதம் இழுத்துவிட்டது. அன்றைக்கு டீ குடித்துவிட்டு எல்லோரும் கலைந்தபோது ஒருவருக்கும் முறையாக நன்றி சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோயில் வாசல் பூக்கார அக்காவுக்கு. தோட்டத்தில் கால்வாசி, அவர் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகளிலிருந்து தழைத்தது. எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் இந்தப் பலகைகளால்தான். வாசலில் நிற்கும் நாகலிங்க மரத்துக்கு “சொந்த ஊர்: தென் அமெரிக்கா” என்று எழுதியிருந்தேன். “சிவனுக்குப் போடுற பூவைப் போய் அமெரிக்காங்குறியே தம்பி!” என்றார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

மூன்றாம் நாள், உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனேன். படம் எடுத்த பாம்பு மாதிரிக் கவிந்திருக்கும் பகுதியை ஊசியால் விலக்கிக் காட்டினேன். படத்தில் இருப்பதும் மகரந்தத் தாள், அடியில் லிங்கத்தைச் சுற்றி வளையமாக நிற்பதும் மகரந்தத் தாள். இந்தப் பூவில் தேன் கிடையாது. படத்தில் இருப்பது தேனீக்குப் போடும் தீனி மகரந்தம். அதில் விதை பிடிக்காது. அதைத் தின்ன உள்ளே நுழையும் தேனீயின் முதுகில் வளையத்து மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அதுதான் காய்க்க வைப்பது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “சரி, பொறந்தது அங்கன்னு எழுது. பேரு வெச்சது நாமன்னும் எழுது” என்றார். பலகையில் இப்போது அப்படியேதான் இருக்கிறது.

“கனகாம்பரமாவது நம்மதா?” என்று அடுத்த கேள்வி. நம்முடையதுதான், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஆனால் அவர் முழம் போட்டு விற்கும் சம்பங்கியும் செண்டுமல்லியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. இதைச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். “அப்போ என் கூடையில பாதி கப்பல்ல வந்ததா?”

தினமும் தண்ணீர் ஊற்றிய ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றி. கனகாம்பரத்தின் காய்ந்த கதிர் ஈரம் பட்டால் டப்பென்று வெடித்து விதையை எறியும் என்பதை டம்ளர் தண்ணீரில் போட்டுக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. பட்டாசுக்காயும் அதே குடும்பம்தான் என்று சொன்னதும் மறுநாள் பை நிறையப் பட்டாசுக்காய் வந்து சேர்ந்தது. நூலகத்துக்குள் வெடித்ததற்கு நூலகர் அம்மாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஐயா இல்லாவிட்டால் என் மானம் போயிருக்கும். பிரம்ம கமலத்துக்கு “இமயமலை” என்று எழுதிப் பெயின்ட்டும் காய்ந்துவிட்டது. இமயத்துப் பிரம்ம கமலம் வேறு. அது உத்தராகண்டின் மாநில மலர், குளிர்மலைச் செடி, நம் வெயிலில் ஒரு வாரம் தாங்காது. நாம் தொட்டியில் வளர்ப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துக் கள்ளி. இலை என்று நினைத்து நாம் மண்ணில் குத்துகிறோமே, அது தட்டையான தண்டு. டிசம்பர் பூவிலும் சறுக்கினேன். ஆங்கிலத்தில் பிலிப்பைன்ஸ் பெயர் ஒட்டியிருப்பதால் அதையே எழுதிவைத்தேன். அது இந்தியாவிலிருந்து தெற்குச் சீனா வரை இயல்பாக வளர்வது. ஐயா திட்டவில்லை. சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

பிரம்ம கமலம் மொட்டு விட்ட அன்று இரவு பதினொரு மணி வரை கேட்டைத் திறந்துவைத்த வாட்ச்மேன் அண்ணாச்சிக்கு நன்றி. ஒன்பதரைக்கு மேல் அது மெல்ல அவிழ்ந்ததை இருபது பேர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம். காலையில் வந்தவர்கள் பார்த்தது துவண்டு தொங்கிய பூவைத்தான்.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப் பூ என்று சிலர் வேண்டாம் என்றார்கள். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா வீட்டிலிருந்து நாற்று கொண்டுவந்து தாமே நட்டார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியிலிருந்து கிடைப்பது என்று அவர் சொன்ன பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அதன் சொந்த ஊர் மடகாஸ்கர்.

வெள்ளைக் காகிதப்பூ என்று ஒரு நர்சரியில் வாங்கியது பூத்தபோது அடர்ந்த ரோஸ். போகட்டும், அதனால் ஒரு கதை கிடைத்தது. நிறமாகத் தெரிவது பூவடி இலை. நடுவில் குச்சி மாதிரி இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. 1767-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தவர் கொமர்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலர். செடிக்குக் கிடைத்ததோ அவர் வந்த கப்பல் பயணத்தின் தலைவர் பூகன்வில்லின் பெயர், ஆங்கிலத்தில் போகன்வில்லா. கொமர்சனின் உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரேதான், நமக்குத் தெரிந்தவரை, உலகைச் சுற்றிவந்த முதல் பெண். பிள்ளைகள் அவர் பெயரும் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். பேசிய கூலிக்கு மேல் ஒரு பைசா வாங்காமல் அந்த வரியைச் சேர்த்துக் கொடுத்த போர்டு எழுதும் அண்ணனுக்குத் தனி நன்றி.

உன்னிச்செடி கொண்டுவந்த தம்பியிடம் வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியதற்கு வருந்தாதே என்று சொல்லிக்கொள்கிறேன். அழகுக்கென்று அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, இன்று முதுமலைக் காட்டைப் புதராக அடைத்துக்கொண்டிருக்கும் செடி அது.

செம்பருத்திப் பலகையில் மட்டும் சொந்த ஊர் வரி காலியாக இருக்கிறது. செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதைச் சீன ரோஜா என்று பொருள்படும்படி அழைத்தார். ஆனால் காட்டுச்செடியாக அது எங்கும் தென்பட்டதில்லை. எழுத மறந்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. மாடிப்படிக்கு அடியில் பச்சைப் பிடி போட்ட மண்வெட்டி ஒன்று கிடக்கிறது. குழி தோண்டியதெல்லாம் அதில்தான், கொடுத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. உங்களுக்கும் நன்றி. நூலக நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை என்றால் அண்ணாச்சியிடம் சாவி இருக்கும்.