கால்வாய்க்கரை இடத்துக்கு ஒரு படம் வேண்டும்

அன்புள்ள முத்துவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போன் போட்டால் "சரிம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். சித்திரை போய் வைகாசியும் பாதி போய்விட்டது, உன் அப்புறம் வரக் காணோம். அதனால்தான் கடுதாசி.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். கால்வாய்க்கரையில் நம் பழைய களத்துமேட்டுக்குப் பக்கத்துப் புறம்போக்கில் பஞ்சாயத்துக்காரர்கள் பூங்கா கட்டப் போகிறார்களாம். சுற்றிலும் காம்பவுண்டு, உள்ளே மண்ணே தெரியாமல் பேவர் பிளாக், நடுவில் ஊருக்கே தெரிகிற உயரத்தில் ஒரு விளக்கு, வாசலில் சிமெண்ட் யானை. மருத மரத்தை எடுப்பதாகவும் பேச்சு. சீமைக்கருவேலத்தை எடுத்தால் கை தட்டுவேன். மருதத்தை ஏன் எடுக்க வேண்டும்?

லீவில் டியூஷன் என்று சொல்லி நம் திண்ணைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். வெயிலில் பாடம் ஏறவில்லை. சரி, உங்களிடம் அந்த இடத்தைக் கொடுத்தால் என்ன கட்டுவீர்கள் என்று கேட்டுவைத்தேன். அன்றிலிருந்து நம் பின்கட்டு என் வசம் இல்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீரை அடைத்திருப்பதால் களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. செங்கல் துண்டு, ஓட்டாஞ்சில்லு, சிரட்டை, பனங்கொட்டை, தீப்பெட்டி எல்லாம் வந்து சேர்ந்தன. உன் அக்காவின் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் பெட்டியையும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். அதில் பாதியை நீ தேர்ச்சக்கரம் ஆக்கிவைத்திருக்கிறாய்.

முதலில் கட்டியதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். ஊஞ்சல், சறுக்கு, பெரிய கேட்டு. பஞ்சாயத்துப் பூங்காவையே சின்னதாகச் செய்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் அவர்களைத் திருப்புடைமருதூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயில் பக்கத்து மரங்களில் பறவைகள் கூடு கட்டுகிற அந்த இடத்தை 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்களே, அங்கேதான். பெரிய மரத்தின் கீழே தரை வெள்ளையாகக் கிடந்தது. திரும்பி வந்ததும் ஒருத்தன் மரத்தடி பெஞ்சைத் தூக்கித் தெருப்பக்கம் வைத்தான். "டீச்சராச்சி, இங்க உக்காந்தா நாரை தலையிலயே போயிரும்." அவ்வளவுதான், பெஞ்சுக்கு இடம் முடிவாகிவிட்டது.

நடு விளக்கை எடுத்தவள் இசக்கியின் பேத்தி. அவள் அம்மைக்குப் பிறந்த ஊர் கூந்தன்குளம். அங்கே நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும், தீபாவளிக்கு யாரும் வெடி போடமாட்டார்கள், பறவை எச்சம் விழுந்த குளத்து மண்ணை வயலுக்கு அடிப்பார்கள். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவள் அம்மை. "ராத்திரி வெளிச்சம் இருந்தா அதுக எப்படி ஆச்சி உறங்கும்?" என்று கேட்டு, நடுவில் நட்ட குச்சியைப் பிடுங்கி, நடைபாதை ஓரமாக முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னதாய் நட்டுவிட்டாள். நீ ஆர்கிடெக்டுக்கு ஐந்து வருஷம் படித்ததை அந்தக் குட்டி நின்ற நிலையில் செய்துவிட்டாள் என்று அப்பா சொன்னார்கள். கோபப்படாதே, பெருமையாகத்தான் சொன்னார்கள்.

அடுத்து வெள்ளம் விட்டுப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் கீழத்தெருவில் தண்ணீர் ஏறியபோது இந்தப் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். ஆனாலும் ஒன்றும் மறக்கவில்லை. கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். முன்னெல்லாம் அந்தப் பள்ளத்தில் பரவி நின்று ஓடைக்குப் போகிற தண்ணீர், காம்பவுண்டில் முட்டியது, வளைந்தது, நேரே கீழத்தெருத் தீப்பெட்டி வீடுகளைத் தூக்கிக்கொண்டு துளசி மாடம் வரை போய்விட்டது. ஒருத்தரும் பேசவில்லை. இசக்கியின் பேத்திதான், "எங்க வீடு போச்சு" என்றாள். அப்புறம் எல்லோருமாகச் சுவரைப் பிய்த்தார்கள். அதற்குப் பதில் நொச்சி வேலி, இடையிடையே தண்ணீர் போக வழி. தாழ்ந்த மூலையை இன்னும் ஆழமாக்கினார்கள், தண்ணீர் நின்று ஊறட்டும் என்று. தோண்டிய மண்ணை எங்கே போட? பக்கத்திலேயே குவித்து மேடாக்கினார்கள். இப்போது சறுக்குக்குத் தனியாகச் செலவே இல்லை, அந்த மேட்டில் ஏறிச் சறுக்கலாம். மறுபடி ஒரு வாளி ஊற்றினோம். தீப்பெட்டி ஒன்றுகூட அசையவில்லை. ஊற்றியது நான்தான், என் கைதான் நடுங்கியது.

பேவர் பிளாக்கையும் சும்மா விடவில்லை. ஓட்டாஞ்சில்லை நெருக்கிப் பதித்து ஒரு செம்பு, வெறும் மண்ணில் ஒரு செம்பு. மண் குடித்துவிட்டது, சில்லு என் சேலையை நனைத்தது.

சாப்பிடுகிறாயா? ஹோட்டலிலேயே சாப்பிடாதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அத்தான் மெட்ராஸுக்குப் போயிருந்தபோது, ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு வடபழனிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உன்னைப் பார்த்தாராம். மெலிந்திருக்கிறாய் என்றார். சைட் வேலைக்குப் போகிற வழியாக இருக்கும் என்று நானே அவருக்குச் சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ வேலை பார்த்த அந்தப் பத்து மாடிக் கட்டடத்தின் படம் அலமாரிக் கண்ணாடியில்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கீழே புல் போட்டு, அதில் பிள்ளைகள் ஏறக்கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறதே, அது யார் யோசனை? உன்னுடையதாக இருக்காது. பெரிய இடங்களில் சொன்னதைச் செய்துதானே ஆக வேண்டும். செய்யப் பிடிக்காமல் போவதும் உண்டு. அதற்காக யாரும் குறைந்துபோய்விடமாட்டார்கள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

கல்யாணி மகன் டேப்பில் மைன்கிராப்ட் என்று சதுரக் கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற விளையாட்டு விளையாடுகிறவன். பின்கட்டில் கட்டியதை அப்படியே அதில் கட்டிக் காட்டினான். மருத மரம் சதுரமாக நிற்கிறது, என்னவோ போ. இன்ஜினியரிங் படிக்கிற அவன் அக்கா சொன்னாள், 2012-லிருந்து ஊர்களையும் குடியிருப்புகளையும் கவனிக்கிற ஐ.நா. ஹேபிடாட் அமைப்பும் அந்த விளையாட்டைச் செய்கிறவர்களும் சேர்ந்து ஊர்ப் பொது இடங்களுக்கு இதையே பயன்படுத்துகிறார்களாம். கென்யா நாட்டு நைரோபியில் கிபேரா என்கிற ஏழைகள் குடியிருப்பில் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு அப்படித்தான் செய்தார்களாம். அங்கே இருக்கிறவர்களே விளையாட்டில் கட்டிக் காட்ட, ஆர்கிடெக்டுகள் அதைப் பார்த்து அளவு போட்டு வரைவார்களாம். கட்டிக் காட்ட இங்கே ஆள் இருக்கிறது. வரைவதற்கு எனக்கு உன்னைவிட்டால் யார்?

பஞ்சாயத்தில் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் விளையாட்டு என்று சிரித்தார்கள். ஒருத்தர் மட்டும், "அளவோட ஒரு பிளான் இருந்தா கூட்டத்துல வைக்கலாம் டீச்சர்" என்றார். நான் அளந்து பார்த்தேன், என் காலடிக் கணக்கும் அப்பாவின் காலடிக் கணக்கும் ஒத்துவரவில்லை. இதைப் போனில் சொல்லிச் செய்ய முடியாது. மேடு பள்ளம் பார்க்க வேண்டும், மருதத்தின் வேர் எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். ஆனியில் கூட்டம். பின்கட்டில் உள்ளதை மழை கரைப்பதற்குள் நீ பார்த்தாக வேண்டும். பிள்ளைகளிடம் வேறு, என் மகன் வருவான் என்று சொல்லிவிட்டேன். இசக்கியின் பேத்தி தினமும் கேட்கிறாள்.

வாடகை, அட்வான்ஸ் என்று ஏதாவது இழுபறி இருந்தால் அதை நினைத்துத் தயங்காதே. என் பென்ஷன் வருகிறது, அரிசி நம் வயல் அரிசி, எங்கள் இரண்டு பேருக்கு என்ன செலவு.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, செங்கோட்டை வண்டியில் ஏறிக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கு. அத்தானை பைக்கோடு அனுப்புகிறேன், அவர் ஒன்றும் கேட்கமாட்டார், சொல்லிவைத்திருக்கிறேன். வழியில் பட்டினி கிடக்காதே. அளவு டேப்பும் படம் வரைகிற சாமான்களும் மறக்காமல் எடுத்துக்கொள். துணியைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்து வை எய்யா. எத்தனை நாள் லீவு என்று நானும் கேட்கமாட்டேன், அப்பாவும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
அம்மா