பறவை வரும் தேதியை உங்கள் பள்ளியே குறித்து வைக்கட்டும்: ஏரிக்கரைப் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏரி, குளம், கண்மாய் ஓரத்துப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் தேசிய பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு தடவை வேன் பிடித்து வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பருவம் திரும்புவதைப் பறவைக் கூட்டத்தில் படிக்க ஒரு நாள் சுற்றுலா போதாது. ஒரே கரையில் ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் பார்த்து எழுதினால்தான் அது பிடிபடும். அதற்கு உங்கள் ஊர்க் கண்மாயே போதும். ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை பள்ளியில் ஒரு பறவைக் குறிப்பேடு வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நோட்டைத் திறக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருவதாக இன்றும் செய்திகளில் படிக்கிறோம். அவை நம் பறவைகள். தண்ணீரும் மீனும் தேடி இந்தத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம் மாறுபவை. மழை பெய்து ஏரி நிரம்பி, மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் கூடு கட்டும்; நிற்காவிட்டால் கட்டாது. 2016-இல் போல வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோனால் இந்தக் கூட்டத்தை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

நீலச்சிறகி வாத்து, ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து, உள்ளான், தகைவிலான், சூறைக்குருவி என்கிற ரோஜா நிற மைனா ஆகியவற்றின் கணக்கு வேறு. வடக்கே அவை குஞ்சு பொரிக்கும் இடங்களில் பகல் குறையத் தொடங்கியதுமே உடம்பு பயணத்துக்குத் தயாராகிவிடுகிறது. நம் ஊரில் ஐப்பசி மழை பெய்ததா பொய்த்ததா என்பது அவற்றுக்குத் தெரியாது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, இங்கே வந்த பிறகுதான் எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று தேடும்.

ஆகவே நோட்டின் இடப்பக்கம் ‘தண்ணீர் பார்த்து வருபவை’, வலப்பக்கம் ‘தேதி பார்த்து வருபவை’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால், மழை தள்ளிப்போனதும் வடக்கே கோடை நீண்டதும் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பார்க்கும் நாளை நிலையாக வையுங்கள். திங்கள் என்றால் திங்கள்தான். காலை 6:30 முதல் 7 வரை நல்ல நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கரையில் இடம் தேர்ந்தெடுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். மூன்று பிள்ளைகள் போதும்: இரண்டு பேர் எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். பேனா வேண்டாம், பென்சில். பனியில் மை ஊறிப் போகும். 8×42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

ஒவ்வொரு முறையும் பறவைக்கு முன்பு தண்ணீரை எழுதுங்கள். மதகுப் படிக்கட்டில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணினால் அதுவே அளவுகோல். ஏரி நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கல் வழிந்த தேதியைத் தனியே குறியுங்கள். பள்ளி வளாகத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டை அடி கொண்ட பாத்திரத்தை மரநிழல் படாத வெளியில் வைத்து, தினமும் காலை 8:30-க்கு ஸ்கேலால் அளந்துவிட்டுக் கொட்டுங்கள். ஒரு செ.மீ. தண்ணீர் என்றால் 10 மி.மீ. மழை.

கூட்டத்தை எண்ணுவதுதான் பலரும் தடுமாறும் இடம். வகுப்பிலேயே பழக்கலாம். ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைத் தரையில் வீசி, ஐந்து நொடி மட்டும் காட்டி, மூடிவிட்டு எத்தனை என்று கேளுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். நாலு நாள் பழகினால் கண் தேறும். ஏரியில் முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவுத் துண்டுகளாக நகர்த்தி எண்ண வேண்டும். கூட்டம் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் கலைந்தும் இருக்கும். நடுவில் எடுத்த அளவை ஓரத்துக்கும் போட்டால் எண்ணிக்கை கூடிப்போகும். ஓரத்துக்குப் புதிதாகப் பத்து எண்ணுங்கள். இருவர் எண்ணிக்கையும் வேறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள். பேசிச் சமரசம் செய்து நடுவில் ஓர் எண்ணைப் போட வேண்டாம்.

ஆள் மாறாட்டம் அதிகம் நடக்கும். வாலாட்டி வந்துவிட்டது என்று ஜூலையிலேயே ஒரு பிள்ளை ஓடிவருவான். அது வெண்புருவ வாலாட்டி. ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. நாம் காத்திருப்பது மஞ்சள் வாலாட்டிக்கும் சாம்பல் வாலாட்டிக்கும். பனைமரத்தைச் சுற்றும் உழவாரனைத் தகைவிலான் என்று எழுதுவதும் வழக்கம். உழவாரனால் கம்பியில் உட்காரவே முடியாது. அதன் கால் பற்றித் தொங்க மட்டுமே ஆகும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, தொண்டை செம்பழுப்பாகவும் அதன் கீழே கருநீலப் பட்டையாகவும் தெரிந்தால் அது தகைவிலான். நீலச்சிறகி வந்த புதிதில், அக்டோபரில், ஆணும் பெட்டையைப் போலவே பழுப்பாக இருக்கும். ‘எல்லாம் பெட்டை’ என்று எழுதிவிடாதீர்கள். குளிர்காலம் போகப் போகக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் ஏறும். அது தெரிந்த வாரமும் ஒரு குறிப்புதான். நத்தைகுத்தி நாரையின் அலகிடை இடைவெளி இளம் பறவைக்கு இருக்காது. சூறைக்குருவியின் இளசு, ரோஜா நிறமே இல்லாமல் மண்நிறத்தில் இருக்கும்.

ஒன்றுமே காணாத வாரத்தில் சுழியம் போடுங்கள். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பலரும் பறவை வந்த நாளை மட்டும் எழுதுகிறார்கள். நவம்பர் 3-இல் முதல் வாத்துக் கூட்டம் என்ற குறிப்பு, அக்டோபர் 27-இல் பார்த்தும் இல்லை என்ற குறிப்போடு சேர்ந்தால்தான் தேதியாகும். இல்லாவிட்டால் அது பிள்ளைகள் ஏரிக்குப் போன தேதி, அவ்வளவே.

எண்ணிக்கை குறைந்தால் உடனே பறவை அழிகிறது என்று சுவரொட்டி எழுதவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உண்டு. நல்ல மழை ஆண்டில் எல்லாம் நிரம்பும், பறவைகள் பரவிவிடும், உங்கள் குளத்தில் குறையும். வறண்ட ஆண்டில் கடைசியாகத் தண்ணீர் நிற்கும் குளத்தில் வந்து குவியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை. உள்ளான்கள் விரற்கடை ஆழமுள்ள சேற்றில் மேய்பவை. ஏரி தளும்பும்போது அவை இருக்காது, தை, மாசியில் தண்ணீர் உள்வாங்கும்போது வரும். மதகுப்படிக் கணக்கு இருந்தால் இதெல்லாம் தானே விளங்கும். ஐந்து ஆண்டுக் குறிப்பாவது சேராமல் பருவம் தள்ளிப்போகிறது என்று எந்த முடிவும் சொல்லாதீர்கள்.

கூடு உள்ள மரத்தடிக்குப் போகக் கூடாது. தாய்ப்பறவை எழுந்துவிட்டால் காகம் முட்டையைத் தூக்கும், வெயில் குஞ்சை வாட்டும். கரையிலிருந்தே பாருங்கள்; டிரோன் வேண்டவே வேண்டாம். பொங்கல் விடுமுறையில் 2015 முதல் நடந்துவரும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் கண்மாயையும் சேர்த்து, பட்டியலை இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம்.

கடைசியாக, உங்களிடம் மட்டுமே கேட்கக்கூடிய ஒன்று. இப்படிப்பட்ட குறிப்பேடுகள் பெரும்பாலும் நின்றுபோவது ஆர்வமுள்ள ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போதுதான். நோட்டு அவர் பையிலேயே போய்விடுகிறது. அதைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுங்கள். பொறுப்பு மாற்றும்போது ஆய்வகச் சாமானோடு அதையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரைப் பறவை நோக்குநர்கள்