ஐயனார் கோயில் சுற்றுமதில் ஓவியத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பான அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

குளக்கட்டடி ஐயனார் கோயிலின் சுற்றுமதில் திருப்பணி நிறைவேறிவிட்டது. வெடிப்புகளை மேசன்மார் பூசி, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ற் அடித்தோம். வரவு செலவு விபரம் அறிவித்தல் பலகையில் இருக்கிறது. கூட்டத்தில் அதிகம் கேள்வி எழுந்தது ஓவியங்களைப் பற்றித்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

சுவாமி படம் கீறாமல் மிருகங்களை ஏன் கீறினீர்கள் என்று கேட்டீர்கள். ஐயன் குளத்துக்கும் காட்டுக்கும் காவல் தெய்வம். தேன் எடுக்கப் போகிறவர்கள் அவரைக் கும்பிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். வன்னிக் காட்டு முதிரை மரமும் பாலை மரமும் களவாக வெட்டுப்பட்டு லொறியில் போகும் காலத்தில், அவருடைய மதிலில் வேறு எதைக் கீறுவது?

வாசல் பக்கம் பாலை மரமும் கரடியும். பாலை பழுத்தால் கரடி மரத்தில் ஏறித் தின்னும். பாலை மிக மெதுவாக வளரும் வைர மரம். இன்று தறித்ததை நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஈடுசெய்ய முடியாது.

யானைக்கு ஏன் தந்தம் இல்லை என்றும் சிலர் கேட்டார்கள். இலங்கையில் ஆண் யானைகளிலும் நூற்றுக்குப் பத்துக்குக் குறைவானவற்றுக்கே தந்தம் உண்டு. இங்கே யானைகள் பெரும்பாலும் தந்தத்துக்காகச் சாகவில்லை. காடு அழிந்து, வழி மறிபட்டு, வயலுக்கு வந்து துவக்குச் சூடு பட்டும், தீனிக்குள் மறைத்து வைக்கும் பன்றிவெடியைக் கடித்து வாய் சிதறியும், களவாக இழுத்த மின்கம்பியில் சிக்கியும்தான் சாகின்றன. பயிரை இழந்தவர்களின் வயிற்றெரிச்சலும் சபைக்குத் தெரியும், நம்மில் பலர் இழந்தவர்கள்தான். அதனால் யானைக்குப் பக்கத்திலேயே பரணில் காவலிருக்கும் கமக்காரரையும் கீறச் சொன்னோம்.

அழுங்கு என்ற, செதில் மூடிய எறும்புதின்னியைப் பிள்ளைகள் பலர் கண்டதேயில்லை. தாயின் வாலடியில் குட்டி தொற்றிக்கொண்டு போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல, சித்திர ஆசிரியரும் மாணவர்களும் அப்படியே கீறினார்கள். ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். செதிலுக்கும் இறைச்சிக்கும் பிடிபட்டே அருகிவிட்டது. 2017 முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்குத் தடை இருந்தும் பிடிப்பது நிற்கவில்லை.

மிஞ்சிய பெயின்ற் மடைப்பள்ளியில் இருக்கிறது. மாரி முடிந்ததும் மங்கிய இடங்களைத் திரும்பத் தொட வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் மடைப்பள்ளிக் கதவு பற்றிய தீர்மானம் வருகிறது. முதிரை வேண்டாம், இரும்புக் கதவே போதும் என்பது சபையின் கருத்து. அங்கத்தவர்கள் தவறாமல் வந்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
பரிபாலன சபையினர்