உதைகாலி

அன்பு மகளுக்கு,

பேரனின் பள்ளி அறிக்கை வந்தது. டீச்சர் எழுதியிருந்த ‘ரிகால்சிட்ரன்ட்’ என்ற சொல்லுக்கு வட்டம் போட்டு, “தமிழில் என்னப்பா?” என்று கேட்டிருந்தாய். முரண்டு பிடிக்கிறவன் என்று சொல்லலாம். ஆனால் நம்ம தொழுவத்திலேயே இதைவிடப் பொருத்தமான சொல் கிடக்கிறது: உதைகாலி, அதாவது உதைக்கிற மாடு.

டீச்சர் எழுதிய அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘கால்க்ஸ்’ என்றால் குதிகால். (நம்ம ‘கால்’ என்று குதிக்காதே, அது தற்செயல்.) போன வருஷம் என் குதிகால் வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில் டாக்டர் காட்டிய எலும்பு கால்கேனியம், அதுவும் இந்த வேர்தான். ‘கால்சிட்ராரே’ உதைப்பது. முன்னால் ‘ரி’ சேர்ந்தால் திருப்பி உதைப்பது. பிரெஞ்சு வழியாக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கால் மறந்துபோய் முரண்டு மட்டும் மிஞ்சியது.

ஞாயிறு பள்ளியில் நீ ஒப்பித்த வசனம் நினைவிருக்கிறதா? “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்.” அப்போஸ்தலர் 26:14. முள் என்றால் கருவேல முள் இல்லை, மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்குச்சி. லத்தீன் வேதாகமத்தில் அந்த ‘உதைக்கிறது’ இருக்கும் இடத்தில் நிற்பது இதே கால்சிட்ராரேதான். ரோமக் கவிஞர் ஹொரேஸ் பேரரசர் அகஸ்டஸையே குதிரையாக்கிவிட்டார்: தப்பாகத் தடவிக்கொடுத்தால் திருப்பி உதைப்பாராம்.

இன்னொன்று கேள். நல்ல பழக்கங்களை ‘இன்கல்கேட்’ செய்கிறோம் என்று பள்ளிக்கூடங்கள் விளம்பரம் போடுமே, அந்தச் சொல்லும் இதே குதிகாலிலிருந்து வந்ததுதான். மிதித்து உள்ளே இறக்குவது என்று அர்த்தம். பெரியவர்கள் மிதித்தால் பாடம், பையன் உதைத்தால் அறிக்கையில் ஏறிவிடும்!

நம்ம செவலைப் பசு பால்காரரை மட்டும் உதைக்கும், உன் ஆச்சி உட்கார்ந்தால் அசையாமல் நிற்கும். அவர் அதன் காலைக் கட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் ஆச்சிதான் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, “முதல்ல நகத்தை வெட்டும்” என்றாள். அப்புறம் செவலை உதைக்கவில்லை.

சரி, டீச்சர் எழுதியதில் இவன் உதைத்தது மட்டும்தான் இருக்கிறது. எதைச் செய்யச் சொன்னபோது மாட்டேன் என்றான்? அவனிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா