அம்முவின் கம்ப்யூட்டர் சத்தத்துக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்பு அம்முவுக்கு,

ஃபைல் திறந்தாலே கம்ப்யூட்டர் ‘உய்ய்’ என்று இரைகிறது, அடுத்த நொடி அடங்குகிறது என்றாயே, அது ஃபேன் கோளாறு இல்லை. உன் ரைசன் 5 7600 ப்ராசஸர் சின்ன வேலைக்கும் ஒரு நொடி சட்டென்று சூடேறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்துகிறது. காசு செலவழிக்கும் முன் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) ஃபேன் கர்வைத் திருத்து, அதாவது எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்பதை: 50 டிகிரி வரை 30 சதவீதம், 70-ல் 50, 85-ல் 80. ஃபேன் வேகம் ஏறுமுன் காத்திருக்கும் ‘ஸ்டெப் அப்’ நேரம் இருந்தால் 4 நொடி வை. அந்த 4 நொடிச் சூட்டை, ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரின் உலோகக் கட்டையே தாங்கிக்கொள்ளும்.

வீடியோ ரெண்டர் ஓடும்போது விடாமல் இரைந்தால் கூலரையே மாற்ற வேண்டியதுதான். ப்ராசஸருடன் வந்தது 54 மி.மீ. உயர அலுமினியக் கட்டை, சூட்டைக் கடத்தும் ஹீட் பைப் குழாய் கிடையாது. ப்ராசஸரோ 88 வாட் வரை இழுக்கும். நாலு 6 மி.மீ. ஹீட் பைப்பும் 120 மி.மீ. பிடபிள்யூஎம் ஃபேனும் (சூட்டுக்கேற்ப வேகத்தை மாற்றக்கூடியது) உள்ள டவர் கூலர் போதும். வாட்டர் கூலர் உனக்கு வேண்டாம், பம்ப் சத்தம் தனி. பெட்டியில் ‘சைலன்ட்’ என்று போட்டிருப்பதை நம்பாதே. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றுவதுதான் அமைதி. வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், சத்தமோ 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். டவர்கள் பெரும்பாலும் 150 முதல் 160 மி.மீ. உயரம். உன் கேஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்த்த பிறகே ஆர்டர் போடு.

மாட்டும்போது அவசரப்படாதே. பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழைய கூலரைக் கழற்று. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ப்ராசஸரின் தலையைப் பளிச்சென்று துடை. புது பேஸ்ட் நடுவில் ஒரு துவரம் பருப்பு அளவு. கூலரிலேயே தடவி வந்திருந்தால் அதுவும் வேண்டாம். அடித்தகட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரித்தாயா என்று இரண்டு முறை பார். அது இருந்தால் எந்தக் கூலரும் தோற்கும். ஸ்க்ரூவை ஒரே பக்கமாக இறுக்காதே, மாற்றி மாற்றி அரைச் சுற்று. ஃபேனின் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும், அது கேஸின் பின்பக்கம் பார்க்கட்டும். ஃபேன் ஒயரை மதர்போர்டில் ‘சிபியு ஃபேன்’ என்று போட்ட பின்னில்தான் செருக வேண்டும்.

மீன மாத (பங்குனி) வெயிலில் மெஷினோடு இங்கே வந்தால் டிகிரி கூடுதலாகக் காட்டும், பயப்படாதே. கொச்சியில் 30 டிகிரி அறையில் 70 காட்டியது இங்கே 38-ல் 78 காட்டும். அறைச் சூட்டுக்குக் கீழே எந்த ஃபேனாலும் இறக்க முடியாது. 95 வரை ப்ராசஸர் தாங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் மாதங்களில் வந்தால்தான் கவனம் வேண்டும். தூசி கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின் இடுக்கில் கம்பளி மாதிரி படியும். பெயின்ட் பிரஷால் தட்டு. புளோயர் அடித்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடி, கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.

பிரித்ததும் பழைய பேஸ்ட் படிந்திருக்கும் விதத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நடுவில் மட்டும் மெலிதாகவும் ஓரத்தில் கனமாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பா