காந்தமானிகளை அணைத்துவிடாதீர்கள்

அறிவியலுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். சூரியனைத்தான் விண்கலங்கள் இரவு பகலாகக் கண்காணிக்கின்றனவே, தரையில் காந்தமானி என்ற கருவியால் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் இந்தப் பழைய ஆய்வகங்கள் எதற்கு என்ற கேள்வி, செலவைக் குறைக்க வேண்டிய நேரத்திலெல்லாம் எழுகிறது. அவற்றை மூடிவிடாதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். சூரியன் அமைதியாக இருக்கும் நாளிலும், வெயில் பட்டு மின்னேற்றம் பெறும் மேல் வளிமண்டலப் பகுதியான அயனி மண்டலத்தில் ஓடும் மின்னோட்டங்கள் அதைச் சில பத்து நானோடெஸ்லா ஏற்றி இறக்கும். சூரியன் பிளாஸ்மா எனும் மின்னேற்றம் பெற்ற வாயுவை மேகமாக வீசினால் கதையே வேறு. அந்த மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு பிணைந்துகொள்ளும். ஆற்றல் உள்ளே பாயும். பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டம் பெருகி, தரையில் புலத்தின் கிடைமட்டப் பகுதி சரியும். இதுதான் காந்தப் புயல். வடக்கு நோக்கி இருந்தால் பாதிப்பு மிகக் குறைவு.

எந்தத் திசை என்பது உறுதியாகத் தெரிவதே, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விண்கலங்களை மேகம் கடக்கும்போதுதான். அப்புறம் அது பூமியை எட்டும்வரை கிடைப்பது ஒரு மணி நேரம். வேகமான புயலென்றால் அதுவும் இல்லை.

1989 மார்ச் 13 அன்று அப்படியொரு புயலில், கனடாவின் கியூபெக்கில், புலம் வேகமாக மாறியதால் தூண்டப்பட்ட மின்னோட்டம் மின்தடங்களுக்குள் புகுந்தது. சுமார் ஒன்றரை நிமிடத்தில் மாகாணத்தின் மின்தொகுப்பே விழுந்தது. ஏறக்குறைய 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருந்தார்கள். மின்தடங்களுக்கு ஆபத்து, புலம் எவ்வளவு சரிகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில்தான். அந்த வேகம் இடத்துக்கு இடம் மாறும். தொலைவில் உள்ள ஆய்வகத்தின் அளவீட்டை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது.

பழைய பதிவுகளின் மதிப்பைச் சொல்ல பம்பாயின் கொலாபா ஆய்வகம் போதும். 1859 செப்டம்பர் 2 அன்று, கிடைமட்டப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்ததை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைய காந்தப் புயலான கேரிங்டன் புயலின் வலிமையை எடைபோட ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பதிவைத்தான் புரட்டுகிறார்கள். பிறகு நகரத்தில் மின்சார டிராம் வரவிருந்தது. அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால், 1904-இல் அலிபாகில் புதிய ஆய்வகம் அமைத்தார்கள். உடனே பழையதை மூடவில்லை. இரண்டு இடங்களிலும் சில காலம் சேர்ந்தே அளந்தார்கள். பதிவுகளின் தொடர் அறுபடாமல் இருப்பது அதனால்தான்.

நான் கேட்பதும் அதையேதான். இருக்கும் ஆய்வகங்களை நடத்துங்கள். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், புதியதையும் பழையதையும் குறைந்தது ஓராண்டாவது சேர்ந்து ஓடவிடுங்கள். விநாடிக்கு ஒருமுறை எடுக்கும் அளவீடுகளை மின்தொகுப்பை இயக்குபவர்களுக்கு உடனுக்குடன் கொடுங்கள்.

அன்புடன்,
புவிக்காந்தப் பதிவுகளை நம்பி வேலை செய்யும் ஒருவர்